பாட்டுப் பஞ்சாயத்து

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை. ஆனால் சண்டை போடும் இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்களா என்று சரிபார்க்கலாம். பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடியாகிவிடும்.

*கேள்வி: ஞாயிறு காலை கோப்பிக் கடையில் கூடும் எங்கள் கூட்டத்தில் ஓயாத தகராறு. இளையராஜா ஆல்பங்களில் முதலிடம் ‘ஜானி’க்கா, ‘தளபதி’க்கா? நடுவில் சிலர் ‘மௌன ராக’த்தையும் இழுக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் பாட்டுகளைப் போட்டு, ஓட்டெடுத்து, ஒரு முடிவு கட்டலாம் என்றிருக்கிறோம். மனத்தாங்கல் வராமல் நடத்துவது எப்படி?*
*— செம்பனை ஆலை ஊழியர்*

பதில்: எதற்கு ஓட்டு என்பதை முதலில் பேசி முடியுங்கள். ‘ஜானி’யிலும் (1980) ‘மௌன ராக’த்திலும் (1986) ஐந்தைந்து பாட்டு. ‘தளபதி’யில் (1991) ஏழு, அதில் ‘யமுனை ஆற்றிலே’ இரண்டு நிமிடம்கூட ஓடாது. பாட்டுக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டுக் கூட்டினால், எண்ணிக்கையிலேயே ‘தளபதி’ ஜெயித்துவிடும். சராசரி எடுத்தால் குட்டிப் பாட்டுகள் அதைக் கீழே இழுக்கலாம். ஆகவே பாட்டுக்கு மதிப்பெண் வேண்டாம்; ஆல்பத்தை முழுசாகக் கேட்டு, ஆல்பத்துக்கே ஓட்டுப் போடுங்கள். ‘ஜானி’ கட்சிக்காரர்கள் ‘காற்றில் எந்தன் கீதம்’ ஒன்றை வைத்தே வழக்கை ஓட்டிவிடுவார்கள். ‘செனோரீட்டா’வையும் உட்கார்ந்து கேட்கட்டுமே! மூன்று ஆல்பத்துக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம் தேநீர்.

திரையில் காட்சி ஓட விடாதீர்கள். ரஜினியும் மம்மூட்டியும் வந்து நின்றால் காது வேலை செய்யாது.

அடுத்தது ஒலியளவு. பெரும்பாலான போட்டிகள் கெடுவது இங்கேதான். இரண்டு பதிவுகளில் ஒன்று 2, 3 டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அது சத்தமாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “தெளிவா இருக்கு, உசுரா இருக்கு” என்பார்கள். 1980-இன் தட்டிலிருந்து எடுத்த கோப்பும், பிறகு மெருகேற்றி வெளியிட்ட குறுந்தட்டுக் கோப்பும் ஒரே பித்தானில் ஒரே அளவில் ஒலிக்காது. கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றை இறக்கி, நடு வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர் காது உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு சரணத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சராசரியைப் பாருங்கள். தொடக்க இசையில் பார்க்கக் கூடாது. ஒரு மேள அடி கணக்கையே கெடுத்துவிடும். சராசரி 75 டெசிபல் பக்கம் நின்றால் போதும். மூன்றுக்கும் இடையில் 1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பித்தானைத் திருப்பி, அந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மண்டபத்து மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும்போதே அளவு எடுங்கள். காற்றாடிச் சத்தம் மட்டுமே 60-ஐத் தொட்டால், ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ போன்ற பாட்டுகளின் மெல்லிய இடங்கள் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. பாட்டு ஓடும் நேரம் வேகத்தைக் குறையுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும்.

இனி ஓட்டு. ஆளுக்கு ஒரு பெயர் எழுதச் சொன்னால் வம்புதான். 30 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஜானி’க்கு 12, ‘தளபதி’க்கு 10, ‘மௌன ராக’த்துக்கு 8. ‘ஜானி’ ஜெயித்தது என்று கைதட்டுவீர்கள். ஆனால் 18 பேர் அதைக் கடைசியில் வைத்திருக்கக்கூடும். அதே 30 பேரை 1, 2, 3 என்று வரிசை எழுதச் சொல்லி, முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 1 கொடுத்துப் பாருங்கள். ‘ஜானி’ கட்சியும் ‘தளபதி’ கட்சியும் இரண்டாமிடத்தில் ‘மௌன ராக’த்தை எழுதி, ‘மௌன ராக’க் கட்சி இரண்டாமிடத்தில் ‘தளபதி’யை எழுதினால், ‘ஜானி’ 54, ‘தளபதி’ 58, ‘மௌன ராகம்’ 68. கடைசியில் இருந்தது முதலுக்கு வந்துவிட்டது! இரண்டு முடிவும் நியாயமான முடிவுதான், கேள்விதான் வேறு. “அதிகம் பேர் உயிரை விடுவது எதற்கு” என்று தெரிய வேண்டுமானால் ஒற்றை ஓட்டு. “எல்லாருக்கும் ஒத்துப்போவது எது” என்றால் வரிசை ஓட்டு. எந்த முறை என்பதை முதல் பாட்டு தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். எண்ணி முடித்த பிறகு முறையை மாற்றினால் நாற்காலி பறக்கும்.

வரிசை ஓட்டில் ஒரு ஓட்டை உண்டு. எதிர்க்கட்சி ஆல்பத்தை வேண்டுமென்றே கடைசியில் தள்ளுவார்கள். சீட்டை மடித்துப் பெட்டியில் போடும்வரை யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்று வைத்தால் ஓரளவு அடங்கும், முழுக்க அடங்காது. கட்சி கட்டி ஓட்டுப் போடும் கதை பெரிய இடத்திலேயே உண்டு. 2002-இல் பிபிசி உலக சேவை உலகெங்கும் நேயர்களிடம் ஓட்டெடுத்து வெளியிட்ட முதல் பத்துப் பாட்டில் ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காவது, ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ ஐந்தாவது. முதலிடம் அயர்லாந்து விடுதலைப் பாட்டு ஒன்றுக்கு. பாட்டின் தரத்தோடு, ஊர் ஊராகச் சொல்லியனுப்பி ஓட்டுப் போடவைத்த ரசிகர்களின் சுறுசுறுப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்தே இருக்கிறது. “பிபிசியே சொல்லிவிட்டது” என்று உங்கள் ‘தளபதி’ கட்சிக்காரர் ஆரம்பித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

*கேள்வி: ‘ராசாத்தி உன்ன’ பாடியது யேசுதாஸ் என்கிறார் அண்ணன். இல்லை என்கிறேன் நான். தோற்றவர் ஒரு வாரம் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும்.*
*— லயத்து வாசகர்*

பதில்: பி. ஜெயச்சந்திரன். படம் ‘வைதேகி காத்திருந்தாள்’, 1984. கூடவே ஒரு டால் கறியும் கேளுங்கள்.

*கேள்வி: அப்பா விட்டுப்போன கேசட்டில் ‘என் வானிலே’ சற்று உச்சமாக ஒலிக்கிறது. அதே பாட்டு கைப்பேசியில் இறங்கிக் கேட்கிறது. கேசட்தான் அசல், கைப்பேசியில் கெடுத்துவிட்டார்கள் என்று மாமா வாதாடுகிறார். யார் சொல்வது சரி?*
*— தமிழ்ப்பள்ளி ஆசிரியை*

பதில்: கேசட் என்பதால் அசல் ஆகிவிடாது, டீச்சர். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 6 விழுக்காடு வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும்: ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையில் கேட்கும். ஐந்து நிமிடப் பாட்டு 17 நொடி முன்கூட்டியே முடிந்துவிடும்.

அந்தக் கேசட் கம்பெனி வெளியிட்டதா, கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியதா என்று பாருங்கள். அட்டையில் அச்சில்லாமல் பேனாவால் பாட்டு வரிசை எழுதியிருந்தால் கடைப் பதிவு. அந்தக் காலத்தில் காலை முதல் இரவு வரை ஓய்வில்லாமல் பதிவு செய்த கருவிகளில் பெல்ட் தளர்ந்து, நாடா மெதுவாகவே ஓடியிருக்கும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தான் கேட்கும். சோதனை எளிது: கம்பெனிக் கேசட் ஒன்றை உங்கள் கருவியில் போடுங்கள். அதுவும் ஏறிக் கேட்டால் கோளாறு உங்கள் கருவியில். அது ஒழுங்காக இருந்து அப்பாவின் கேசட் மட்டும் ஏறினால், கோளாறு பதிந்த கடையில்.

கருவியில் கோளாறு என்றால், மோட்டாரின் பின்பக்கம் சிறு துளை இருக்கும். உள்ளே இருப்பது வேகத்தைத் திருத்தும் திருகு. 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடாவை ஓட்டிக்கொண்டு, கைப்பேசிச் சுருதிச் செயலியில் அதே எண் வரும்வரை நூலளவு நூலளவாகத் திருப்ப வேண்டும். சோதனை நாடா இல்லாவிட்டால், குறுந்தட்டில் நேரம் அச்சிட்ட ஒரு பாட்டின் கம்பெனிக் கேசட்டை ஓட்டி, நிறுத்துக் கடிகாரத்தில் அளந்தாலே ஓரளவு நெருங்கிவிடலாம். அதற்கு முன் ரப்பர் உருளையையும் அதை ஒட்டிய இரும்புத் தண்டையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். உருளை கண்ணாடி போலப் பளபளத்தால் ரப்பர் இறுகிவிட்டது. அது நாடாவை வழுக்கவிடும்; சுருதி ஏறாது, இறங்கி ஆடும். பெல்ட், உருளை இரண்டும் ஈப்போ எலெக்ட்ரானிக் சாமான் கடைகளில் விசாரித்தால் கிடைக்கலாம். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வாய்ச்சொல்லில் அளவு சரிவராது.

கடைப் பதிவில் கோளாறு என்றால் கருவியைத் தொடவே வேண்டாம். கணினிக்கு மாற்றியபின் ஆடாசிட்டி போன்ற செயலியில் வேகத்தைக் குறையுங்கள். அரைக்கட்டை இறக்க 5.6 விழுக்காடு குறைக்க வேண்டும். ‘வேகம்’ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். ‘சுருதி’ என்ற கட்டளை நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் இறக்கும், பாட்டைப் பாடிய ஜென்சியின் குரல் யாரோ மாதிரி ஆகிவிடும்.

கைப்பேசியில் இருப்பது மட்டும் வேதமா என்றால், அதுவும் இல்லை. யாரோ வேகம் தவறிய தட்டிலிருந்து ஏற்றியிருக்கலாம். உரிமைக் கண்காணிப்பில் சிக்காமலிருக்க வேகத்தை லேசாக மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு. கீபோர்டில் பாட்டின் ஆதார சுருதியைத் தேடுங்கள். அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கினால் வேகம் தவறியிருக்கிறது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் சரியாக அரைக்கட்டை தள்ளியிருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அப்போது கம்பெனி வெளியிட்ட குறுந்தட்டோடு ஒப்பிடுவதுதான் வழி.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக இருந்தால் அது வேகத்தின் குற்றமில்லை. பதிந்த கருவியின் ஹெட் (நாடா உரசிச் செல்லும் முனை) சாய்வும் உங்கள் கருவியின் சாய்வும் ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் ஒரு பக்கம் சுருள்வில் மேல் உட்கார்ந்த சின்னத் திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மெல்லத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கூர்மையாகும் இடம் வரும். அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். கூர்மையான இடத்துக்கே திரும்பி வந்து நிறுத்துங்கள். அரைச் சுற்றுக்கு மேல் எதற்கும் தேவைப்படாது. சரியானபின் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் திருகு நகராது.

*கேள்வி: மலேசியா வாசுதேவன் என்றால் குத்துப்பாட்டுதான் என்கிறார்கள் சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பையன்கள். மண்ணின் மைந்தனை இப்படிப் பேசலாமா?*
*— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி*

பதில்: கோபம் வேண்டாம் ஐயா, பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ (1977), ‘பொதுவாக என் மனசு தங்கம்’ (1980) இரண்டையும் அவர்களே போடுவார்கள். அதன் பின் நீங்கள் ‘ஒரு தங்க ரதத்தில்’ (1979), ‘கோடை காலக் காற்றே’ (1981), ‘வா வா வசந்தமே’ (1982) மூன்றையும் பெயர் சொல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். கோடை காலப் பாட்டை எஸ்.பி.பி. கணக்கில் எழுதி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு குரலையும் பிரித்தறிய, நீட்டி நிறுத்தும் சொற்களின் முடிவைக் கவனிக்கச் சொல்லுங்கள். எஸ்.பி.பி. அங்கே ஒரு குழைவோ, சின்னச் சிரிப்போ வைப்பார். வாசுதேவன் பெரும்பாலும் நேராக நிறுத்திவிடுவார். குரலின் கனமே அலங்காரம்.

கடைசியாக ‘முதல் மரியாதை’யின் (1985) ‘பூங்காத்து திரும்புமா’. சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரல்தான் என்று இரண்டு தலைமுறைக் காது பழகியிருந்தது. அந்த வீறாப்பு எதுவும் இல்லாத, ஓய்ந்துபோன கிராமத்துப் பெரியவரின் குரலை வாசுதேவன் கொடுத்தார். ஜானகி பதில் சொல்ல நுழையும் இடம்வரை பையன்கள் வாய் திறக்காமல் இருந்தால் உங்கள் பக்கம் ஜெயம்.

*கேள்வி: ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’, ‘அழகான ராட்சசியே’, ‘கண்கள் இரண்டால்’ மூன்றும் ஒரே மெட்டு, காப்பி அடித்திருக்கிறார்கள் என்கிறாள் என் மகள். அப்படியா?*
*— தாதி*

பதில்: மகளுக்கு நல்ல காது. தீர்ப்புதான் தவறு. மூன்றுக்கும் ராகம் ஒன்று: ரீதிகௌளை. மெட்டு மூன்று. முதலாவது 1977-இல் ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது, அடுத்தது 1999-இல் ‘முதல்வ’னில் ரகுமான், மூன்றாவது 2008-இல் ‘சுப்பிரமணியபுர’த்தில் ஜேம்ஸ் வசந்தன்.

இந்த ராகம் நேர்ப்படியில் ஏறாது. ஏறும்போது ஸ க ரி க ம நி த ம நி நி ஸ. இறங்கும்போது ஸ நி த ம க ம ப ம க ரி ஸ. ஏறுகையில் பஞ்சமம் (‘ப’) இல்லை. ‘க’வுக்குப் போய் ‘ரி’க்குத் திரும்பி மறுபடி ‘க’ பிடிக்கும் அந்த வளைவும், ‘நி த ம நி நி ஸ’ என்ற ஏற்றமும் யார் இசையமைத்தாலும் வந்தே தீரும். வராவிட்டால் அது ரீதிகௌளையே இல்லை. மகள் பிடித்தது இந்த வளைவைத்தான். மெட்டைத் திருடினார்களா என்று பார்க்க, பல்லவியின் முதல் வரியைச் சொல்லில்லாமல் ‘ன ன ன’ என்று பாடித் தாளம் போடச் சொல்லுங்கள். எந்த அடியில் தொடங்குகிறது, எந்த ஸ்வரத்தில் நிற்கிறது, வரி எத்தனை அடி நீளம் என்ற மூன்றும் ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட இடமுண்டு. ஒரே ராகம் என்பதற்காகக் குற்றம் சாட்டுவதென்றால், கல்யாணியில் ‘மன்னவன் வந்தானடி’, ‘ஜனனி ஜனனி’, ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ மூன்றையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

*கேள்வி: ‘புத்தம் புது’ பாட்டு எந்தப் படம்? ஒருவர் ‘அலைகள் ஓய்வதில்லை’ என்கிறார், ஒருவர் ‘தளபதி’ என்கிறார். இரண்டு படத்தையும் பார்த்துவிட்டேன், காணவில்லை.*
*— பாசார் மாலாம் வியாபாரி*

பதில்: இரண்டு பேரும் சரி. ஜானகி பாடிய ‘புத்தம் புதுக் காலை’ 1981-இன் ‘அலைகள் ஓய்வதில்லை’க்கு, யேசுதாசும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புதுப் பூப்பூத்ததோ’ 1991-இன் ‘தளபதி’க்கு. இரண்டுமே இசைத்தட்டில் உண்டு, படத்தில் இல்லை.

*கேள்வி: தாத்தாவின் இசைத்தட்டுகள் தகரக் கூரைக்கடியில் பெட்டியில் கிடந்து வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கின்றன. சில தட்டு கனமாக, கல் போல இருக்கிறது. சாராயத்தால் துடைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.*
*— பால்மரம் சீவும் வாசகி*

பதில்: கல் போன்ற தட்டில் சாராயம் படவே கூடாது. அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் ஷெல்லாக் (அரக்கு) தட்டு; ஆல்கஹாலில் ஷெல்லாக் கரையும், பாட்டும் கூடவே போய்விடும். முதலில் பிரியுங்கள்: லேசாக வளைந்து கொடுப்பது வினைல், வளையாமல் கனமாக இருப்பது ஷெல்லாக். சந்தேகம் இருந்தால் நடுவில் ஒட்டிய தாளில் 78, 45, 33 என்ற எண்ணைத் தேடுங்கள்.

ஷெல்லாக்குக்கு வடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. மென்துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல். நடுத்தாள் நனையக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் ஒருமுறை துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வினைலுக்கு வடிநீர் மூன்று பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு கலக்கலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்பு பள்ளத்தில் படிந்து கரகரக்கும். பூஞ்சையை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வெளியே முகக்கவசத்தோடு செய்யுங்கள். பழைய தாள் உறைகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் திரும்பி வரும். அட்டைப்படத்தை உலர்ந்த துணியால் துடைத்துத் தனியாக வையுங்கள்.

அடுக்கும்போது படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். கூரைச் சூட்டில் படுத்த தட்டு வளையும். 78 தட்டை எல்.பி. (33 சுற்று வினைல்) ஊசியில் ஓட்டாதீர்கள். எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 முதல் 25 மைக்ரோமீட்டர், 78-க்கு வேண்டியது 75 பக்கம். சின்ன முனை பள்ளத்தின் அடியில் உருண்டு அங்கே தேங்கிய அழுக்கைத்தான் வாசிக்கும். “தட்டு தேய்ந்துவிட்டது” என்று தூக்கிப் போட்ட பல தட்டுகள் தேயவே இல்லை, ஊசி தவறு.

*கேள்வி: எங்கள் பட்டியலில் யோகி பி - நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பத்தைச் சேர்க்கப் பெரியவர்கள் மறுக்கிறார்கள். “ராஜா பாட்டை எடுத்து ராப் பண்ணினது” என்கிறார்கள்.*
*— படிவம் ஐந்து மாணவர்*

பதில்: 2006-இல் வந்த அந்த ஆல்பத்தின் ‘மடை திறந்து’, 1980-இன் ‘நிழல்கள்’ பாட்டை வைத்துக் கட்டியது என்பது உண்மை. அதற்காக முழு ஆல்பத்தையும் தள்ளுவது நியாயமில்லை. மலேசியத் தமிழ் ராப் தமிழ்நாட்டுக் காதுகளில் விழுந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சினிமா ஆல்பத்துக்கு ஒரு பட்டியல், உள்நாட்டு ஆல்பத்துக்குத் தனிப் பட்டியல் என்று இரண்டு வையுங்கள். சினிமா ஆல்பத்தோடு மோதவிட்டால் இரண்டு பக்கமும் நியாயம் கிடைக்காது.

மண்டபத்தில் போடும்போது ஒன்று: ‘மௌன ராக’த்துக்கு வைத்த அளவிலேயே இதை ஓட்டினால் பேஸ் ஒலி சுவரில் மோதி, சொல் எதுவும் புரியாது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 முதல் 6 டெசிபல் குறையுங்கள். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே இழுங்கள். ராப்பில் சொல் கேட்காவிட்டால் பெரியவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.